காதுக்குப் பின்னால் ஓர் ஏரி

பனிமேட்டு ஏரி இரண்டு நாளாகப் பிலோமினாவின் நாய் சுருட்டைமேல் இருந்தது. சுருட்டை தண்ணீருக்கென்றே பிறந்த ஜாதி; தலை முதல் வால் வரை கம்பளிபோலச் சுருள் முடி. வியாழக்கிழமை வழக்கம்போல் நீந்தப் போனது. கரையேறியபோது ஏரியும் கூடவே ஏறிவிட்டது. தப்பு பிலோமினா மேல்தான். வாராவாரம் சிக்கெடுக்க வேண்டிய முடியை, வாத்துப் படகுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் மும்முரத்தில் மாதக் கணக்காக விட்டுவிட்டாள். சிக்கு விழுந்த முடி லேசில் தண்ணீரை விடுமா?

படகுத்துறை மேனேஜர் கோதண்டத்துக்குப் பொறுமை என்பதே கிடையாது. சலூனிலிருந்து முடி உலர்த்தும் மெஷினை வாங்கிவந்து வால் பக்கம் காட்டினார். சுருள் முடிக்குச் சூடு ஆகவே ஆகாது. வாலிலிருந்து ஒரு மேகம் கிளம்பி, பக்கத்து ஊரில் போய்ப் பெய்துவிட்டது. ஏரியின் வடக்கு ஓரம் அதோடு போயிற்று.

“நாளைக்கு சீசன் ஆரம்பம்மா. சாயங்காலத்துக்குள்ள ஏரி இறங்கலேன்னா மொட்டையடிச்சிர வேண்டியதுதான்,” என்றார்.

“வெட்டினா துண்டு துண்டாத்தான் சார் கிடைக்கும். அப்புறம் நீங்கதான் ஒட்டணும்,” என்றாள் பிலோமினா.

நியாயமான பேச்சுதான். ஆனாலும் கத்தரிக்கோலை அவர் கீழே வைக்கவில்லை. அந்த முடி இல்லாமல் மலைக்குளிரில் சுருட்டை எப்படி நீந்தும்? நீந்தாத சுருட்டையை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அகலப் பல் சீப்போடு ஏரி கிடந்த பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்தாள். நுனியில் தொடங்கி, இழுக்காமல், ஒவ்வொரு சுருளாகப் பிரித்தாள். முதுகிலிருந்து அல்லிக்கொடி வந்தது. வயிற்றிலிருந்து கெண்டைகள் துள்ளின, கூடவே யாரோ சுற்றுலாக்காரர் தொலைத்த மூக்குக்கண்ணாடியும். கணுக்கால் அளவு தண்ணீர் சேர்ந்தது. மிச்சமெல்லாம் காதுக்குப் பின்னால் இருந்தது; ஏரியின் ஆழமான இடம் அதுதான். காதில் சீப்பு பட்டால் சுருட்டை அவளையே கடிக்க வரும்.

பிலோமினா எழுந்துபோய், சேற்றில் சாய்ந்து கிடந்த வாத்துப் படகில் ஏறிப் பெடலை மிதித்தாள். படகு அசையவில்லை. சுருட்டைக்கு அது பெரிய விஷயமில்லை, சவாரி என்றால் அதற்கு உயிர். தாவி ஏறி, வழக்கம்போல் அவள் மடியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டது. அவள் மிதித்துக்கொண்டே காதோரச் சிக்கை விரலால் பிரித்தாள். கடைசி முடிச்சு அவிழ்ந்ததும் படகு மெல்ல மேலெழும்பி நகர்ந்தது.

கரையில் கோதண்டம் கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டார். “ஆழம் சரியா இருக்காம்மா?”

“இருக்கு சார். இருங்க, காதுல ஈரம் போகத் துடைச்சிட்டு வந்துர்றேன். இல்லேன்னா புண்ணாயிரும்.”

பொழுது சாயும் நேரம் வீட்டுக்கு நடந்தாள். கேட்டைத் திறந்து, “சுருட்டை, வாடா,” என்று கூப்பிட்டாள். நாய் ஓடி வந்தது. பின்னாலேயே ஏரியும் ஓடி வந்து, வாசலில் நின்று உடம்பைச் சிலுப்பிக்கொண்டது.

பிலோமினா கேட்டின் இன்னொரு கதவையும் திறந்துவிட்டாள். “காலையில வேலை இருக்கு. ரெண்டு பேரும் சீக்கிரம் படுங்க,” என்றாள்.