வடிவு வெட்டிய வரிகள்

கல்லூரியின் இணைய இதழுக்குச் சுடலைவடிவு அனுப்பிய கட்டுரை மறுபடியும் திரும்பி வந்தது. ‘தகாத சொல் உள்ளது’ என்று சிவப்பில் ஒரு வரி. எந்தச் சொல் என்று சொல்லித் தொலைத்தால் என்ன?

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் அவள். தோட்டத்தை மூடியபோது குடும்பம் மலையை விட்டு இறங்கிய கதையை நாலு பேர் படிக்கட்டும் என்று எழுதியிருந்தாள். இன்று மாலைக்குள் போகாவிட்டால் இந்த இதழில் வராது.

யாரோ வேண்டுமென்றே தடுக்கிறார்கள் என்று அடித்துச் சொன்னது மனசு. கட்டுரையை முன்பே படித்தவள் கூடப் படிக்கும் கலையரசி ஒருத்திதான். அவள்தான் கிங்ஸ்டன் சாரிடம் வத்தி வைத்திருக்க வேண்டும். இதழில் எது வரலாம், எது வரக்கூடாது என்று கணினியில் வடிகட்டி போட்டவர் அவர்தான். காலையில் வராந்தாவில் இவளைப் பார்த்துச் சிரித்தார். சும்மா சிரிக்கிற ஆளா அவர்?

‘போகச் சொன்னார்கள், எங்கே என்று சொல்லவில்லை’ என்ற வரியை முதலில் எடுத்தாள். திரும்பி வந்தது. அப்பா இப்போது மூட்டை தூக்குவதை எடுத்தாள். கடைசி பஸ்ஸில் அம்மா திரும்பியே பார்க்காததையும் எடுத்தாள். பனியும் அருவியும் தேயிலையும்தான் மிச்சம். அதுவும் திரும்பி வந்தது.

பக்கத்தில் இருந்த கலையரசியிடம் திரும்பினாள்.

“ஏட்டி, நீதான போயி சொன்ன?”

கலையரசிக்கு முகம் செத்துப்போனது. விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, அதே கட்டுரையில் வடிவின் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டு அனுப்பினாள். உடனே போய்விட்டது.

“எழுத்துல ஒண்ணுமில்லட்டி. ஒன் பேருதான் ஆகல,” என்று பையை எடுத்துக்கொண்டு போனாள்.

அப்படியானால் பெயரையே குறித்து வைத்திருக்கிறார்களா? வடிவு நேரே கிங்ஸ்டன் சாரிடம் போய்க் கேட்டாள். அவர் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். போன வருஷம் இரண்டு பையன்கள் இதழின் பக்கத்தில் வெட்டப்போறேன், சுடப்போறேன் என்று எழுதி, விஷயம் போலீஸ் வரைக்கும் போயிருந்தது.

“அதான் ‘சுட’ன்னு ஆரம்பிக்க எல்லாத்தையும் நிறுத்தி வச்சேன். சொடலமாடன நெனைக்கவே இல்ல பாத்துக்கோ. கட்டுரைல ஒரு வரியக்கூட அது தடுக்கலம்மா.”

வீட்டுக்கு வீடு சுடலைமாடசாமி பேரில் ஒரு சுடலை இருக்கிற சீமையில் இந்த மனுஷனுக்கு அது நினைவில்லை. தடையை அங்கேயே எடுத்துவிட்டு, கலையரசி பெயரில் போனதையும் நீக்கிவிட்டு, இங்கன உக்காந்தே அனுப்பு என்றார்.

வரிகளை வெட்டும்படி ஒருவரும் சொல்லவில்லை. வடிவுக்கு வெட்கமாக இருந்தது. செல்போனில் இருந்த முழுக் கட்டுரையைப் பார்த்து, அம்மாவைத் திரும்பச் சேர்த்தாள், அப்பாவைச் சேர்த்தாள். ‘போகச் சொன்னார்கள்’ என்ற இடத்தில் விரல் நின்றது. கிங்ஸ்டன் சார் இன்னும் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். ஏன் நிற்கிறார்?

அந்த ஒரு வரியை மட்டும் சேர்க்காமல் அனுப்பினாள். இந்த முறை திரையில் சிவப்பு வரவில்லை.