பின் சீட்டுத் தையல்

எங்கள் நூலகத்து வாசிப்பறையில் ஒரு நீளச் சுவர் இருக்கிறது. இந்தக் கோடியில் ஒரு கதவு, அந்தக் கோடியில் ஒரு கதவு, நடுவே வெறும் வெள்ளை. அந்தச் சுவருக்குத் துணியில் ஒரு படம் தைத்துத் தருவதாக என் அண்ணி வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நூலகர் அவளோடு பள்ளியில் படித்தவராம். "எங்க கடையில ஒருத்தி இருக்கா, அவ ஊசியைத் தொட்டா துணி பேசும்" என்று அளந்துவிட்டிருக்கிறாள்.

ஒத்துக்கொண்டது அண்ணி, மண்டை காய்ந்தது எனக்கு. துணியை வாங்கி, நனைத்து, காயப்போட்டு, இஸ்திரி போட்டு மேஜைமேல் விரித்தாயிற்று. பேசுவது இருக்கட்டும், அது வாயையே திறக்கவில்லை. மாசக் கடைசிக்குள் வராவிட்டால் எதிர்க்கடை பேனர்காரர் ஒரு சூரிய உதயத்தை அச்சடித்து ஒட்டிவிடுவார் என்று நூலகர் சொல்லியனுப்பினார். பேனர்காரருக்கு எல்லாவற்றுக்கும் சூரிய உதயம்தான். பல் ஆஸ்பத்திரிக்கும் அதுதான், டயர் கடைக்கும் அதுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோபத்துக்கு அடியில் இருந்தது பயம், அதையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் தைப்பது பையும் போர்வையும். வெட்டு விழுந்த துண்டுத் துணிகளைப் பார்த்தாலே எனக்குக் கை அரிக்கும், எதையாவது எதோடாவது சேர்த்துப் பார்ப்பேன். இந்த வருஷம் அந்த அரிப்பு நின்றுபோயிருந்தது. என் கை தீர்ந்துவிட்டதோ என்று நினைக்கத் தொடங்கியிருந்தேன்.

"வெளிய போய்ட்டு வா. கடலைப் பாரு, மலையைப் பாரு. தானா தோணும்" என்றாள் அண்ணி. போனேன். கடலோரத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து முதுகு கறுத்ததுதான் மிச்சம். மலையில் மூடுபனி. மலையையே பார்க்க முடியவில்லை, ஜலதோஷத்தோடு இறங்கினேன். ஊருக்குத் திரும்பி, கடைக்குப் போகிற டவுன் பஸ்ஸில் ஏறி, மூக்கைச் சிந்திக்கொண்டே பின் சீட்டு ஜன்னலோரத்தில் விழுந்தேன்.

அங்கேதான் பார்த்தேன். முன் சீட்டின் முதுகில், நீல ரெக்ஸினில், யாரோ சாவியால் கீறியது போல ஒரு கிழிசல். அதை யாரோ தைத்திருந்தார்கள். பஸ் டிப்போக்காரர்கள் தைத்தால் மிஷின் தையல், இல்லாவிட்டால் ஒட்டுப் போடுவார்கள். இது கைத்தையல். அடேயப்பா, என்ன சீர்! கோடு பிசகவில்லை, தையலுக்குத் தையல் ஒரே இடைவெளி. ஆனால் ஒவ்வொரு தையலையும் தனித்தனியாக முடிச்சுப் போட்டு நூலை நறுக்கியிருந்தார்கள். முடிச்சின் இரண்டு நுனியும் பூனை மீசை மாதிரி துருத்திக்கொண்டு நின்றன.

எந்தத் தையல்காரன் இப்படிச் செய்வான்? ஒரு கிழிசலைத் தைக்க ஒரு நூல், கடைசியில் ஒரு முடிச்சு, அவ்வளவுதான். தையலுக்குத் தையல் முடிச்சுப் போட்டால் வேலை என்றைக்கு முடியும்? நான் ஜலதோஷத்தை மறந்தேன், இறங்க வேண்டிய இடத்தையும் மறந்தேன்.

பஸ் கடைசி நிறுத்தத்துக்குப் போனதும் கண்டக்டரைப் பிடித்தேன். விசிலை வாயிலிருந்து எடுக்காமலே பேசுகிற மனிதர், ஊரே அவரை விசில் என்றுதான் கூப்பிடும்.

"இதை யாரு தச்சது?"

"எதை?"

"கண்ணு தெரியாதா உங்களுக்கு? இதை."

அவர் கிழிசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விசிலை ஒரு தரம் ஊதினார். "சீட்டு கிழிஞ்சா கேக்க வருவாங்க. தச்சதுக்குக் கேக்க வந்த முதல் ஆளு நீங்கதாம்மா. இறங்குங்க, வண்டியைக் கழுவணும்."

பிடி கொடுக்கவில்லை. ஆனால் அவருக்குத் தெரியும் என்பது அந்த விசிலிலேயே தெரிந்தது.

மறுநாளிலிருந்து எனக்கு அதே வேலை. அந்தத் தடத்தில் ஓடுகிற ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறினேன், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பின் வரிசைகளைத் தேடினேன். இருந்தது! ஒரு பஸ்ஸில் சீட்டின் விளிம்பில், இன்னொன்றில் ஜன்னலுக்குக் கீழே, வேறொன்றில் இரண்டு கிழிசல் பக்கத்தில் பக்கத்தில். எல்லாமே அதே தனித்தனி முடிச்சு, அதே மீசை. ரொட்டி சுற்றிவந்த காகிதத்தை அதன்மேல் வைத்துப் பென்சிலைப் படுக்கப்போட்டுத் தேய்த்து எடுத்துக்கொண்டேன். சின்ன வயதில் காசின்மேல் காகிதம் வைத்துத் தேய்ப்போமே, அப்படி. குனிந்து சீட்டுக்கடியில் கிடந்த என்னைப் பார்த்து ஒருவர், "ஏதாவது தொலைச்சிட்டீங்களாம்மா?" என்றார்.

"ஆமா சார், ரொம்ப நாளாத் தேடிட்டிருந்தேன். கிடைச்சிடுச்சு" என்றேன். அவர் எழுந்து முன்னால் போய்விட்டார்.

செருப்புத் தைப்பவரிடம் காகிதத்தைக் காட்டினேன். "இது நம்ம முடிச்சு இல்லக்கா" என்றார். வலை பின்னுகிறவரிடம் காட்டினேன். "எங்க ஆளுங்க இப்படி நூலை வீணடிக்க மாட்டாங்க" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. தூக்கத்தில் முடிச்சுப் போட்டேன்.

கடைசியில் குட்டை உடைத்தது அண்ணிதான். கடை மேஜையில் காகிதங்களைப் பரப்பி வைத்திருந்தேன். டீ கொண்டுவந்தவள் ஒன்றைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"ஏய், இது எங்கிட்ட இருக்கு."

"என்ன அண்ணி உளர்றீங்க?"

"இரு, கதவைச் சாத்து." கதவைச் சாத்தினேன். வயிற்றைக் காட்டினாள். பெரியவன் பிறந்தபோது அறுத்துத் தைத்த தழும்பு. நடுவில் ஒரு கோடு, அதன் குறுக்கே சின்னச் சின்னக் கோடுகள், இடைவெளி பிசகாமல். "தையல் பிரிக்கிற வரைக்கும் இப்படித்தான் மீசை மீசையா குத்திக்கிட்டே இருந்துச்சு. உங்க அண்ணன்கூட, யாருடி உன் வயித்துல மீசை வச்சதுன்னு கேட்டாரு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டர் தையல்! உடம்பைத் தைக்கிற தையல்! மனித உடம்பில் ஒரு முடிச்சு அவிழ்ந்தால் எல்லாம் அவிழ்ந்துவிடக் கூடாதே, அதற்குத்தான் ஒவ்வொன்றுக்கும் தனி முடிச்சு. எவ்வளவு புத்தி! அண்ணியைக் கட்டிக்கொண்டேன், டீ கொட்டியது.

"யாரோ டாக்டருக்குப் படிக்கிற பொண்ணு" என்றாள் அண்ணி. "காலேஜுக்குப் போற வழியில பழகிக்குது, பாவம்."

இப்போது காகிதங்களைப் புதுக் கண்ணோடு பார்த்தேன். எல்லாத் தையலும் முதலில் பார்த்தது போலச் சீராக இல்லை. சிலதில் இடைவெளி கூடிக்குறைந்தது, சிலது கோணல், சிலதில் ஒரே இடத்தில் இரண்டு முடிச்சு. ஒரு பஸ்ஸில் ஒரு கிழிசலின் ஓரத்தில் ஒற்றை நூல் மட்டும் கோத்துத் தொங்கியது, தைக்கவே இல்லை. நூலையும் கவனித்திருந்தேன், நான் கவனிக்காமல் யார் கவனிப்பார்கள்? கோணல் தையல்களெல்லாம் தடித்த பருத்தி நூல், வெளுத்து அழுக்கேறியது. சீரான தையல்களெல்லாம் மெல்லிய வழுவழு நூல், பளிச்சென்று புதுசு போல. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? எல்லோரும் மட்டமான நூலில்தான் பழகுகிறோம். கை வந்த பிறகுதான் நல்ல நூல் வாங்குகிறோம். தொங்குகிற ஒற்றை நூல் அவள் பயந்துகொண்டு ஊசியை எடுத்த முதல் நாள். அங்கிருந்து கோணலாகி, கோணல் குறைந்து, கடைசியில் கோடு பிசகாத அந்த முதல் சீட்டு.

காகிதங்களை அந்த வரிசையில் இடமிருந்து வலமாக அடுக்கினேன். கை அரித்தது. ஐயோ, எத்தனை மாசத்துக்கப்புறம்! அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

சீட்டின் நீலத்திலேயே துணி வாங்கி, ஒவ்வொரு கிழிசலையும் கதவளவு பெரிதாக்கி, முடிச்சுக்கு முடிச்சு அப்படியே தைத்தேன். கோணலைக் கோணலாகத் தைப்பது எவ்வளவு பாடு தெரியுமா? என் ஊசி பழக்கத்தில் நேராகவே ஓடும், அதட்டி அதட்டி வளைத்தேன்.

நடுவில் அண்ணி ஒரு வார்த்தை சொன்னாள். "அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா? அவ தையல் இது." நியாயம்தானே. விசிலிடம் போய் நின்றேன். கெஞ்சினேன், அப்புறம் திட்டினேன். இரண்டுக்கும் அவர் அசையவில்லை. "சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேம்மா. ஆனா மாட்டுற அன்னிக்குக் கூட்டிட்டு வரப் பாக்குறேன்" என்று மட்டும் சொன்னார்.

மாசக் கடைசியில் படம் சுவரில் ஏறியது. நூலகர் அடியில் ஓர் அட்டை ஒட்டினார். 'பழகும் கை' என்று நான்தான் பெயர் வைத்தேன். சனங்கள் இடப்பக்கக் கதவால் வந்தார்கள், தொங்குகிற ஒற்றை நூலில் தொடங்கிக் கடைசி வரை பார்த்துக்கொண்டே நடந்தார்கள். "கடைசியில கத்துக்கிச்சு பாரு!" என்று ஓர் அம்மா தன் மகளிடம் சொன்னாள். பேனர்காரர்கூட வந்து, "சூரியன் இல்லாமலே நல்லாத்தான் இருக்கு" என்றார். நான் மிதந்துகொண்டிருந்தேன்.

சாயங்காலம் விசில் வந்தார். பஸ் நிறுத்தம் அந்தப் பக்கம் இருப்பதால் வலப்பக்கக் கதவால் வந்தார். கூட ஒரு பெண். படிக்கிற பெண் இல்லை, என்னைவிட மூத்தவர். காலில் ரப்பர் பூட்ஸ், சட்டையில் வைக்கோல் துரும்பு, இரண்டு கையும் பாக்கெட்டுக்குள். மாட்டு ஆஸ்பத்திரி டாக்டரம்மா என்று விசில் சொன்னார்.

டாக்டரம்மா வலப்பக்கத்துச் சீரான தையலின் முன்னால் நின்றார். அடுத்ததற்கு நகர்ந்தார். கோணல்கள் வர வர நடை குறைந்தது. ஒற்றை நூலின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? ஓடிப்போய், "நீங்கதானா தச்சது டாக்டர்? நான் படிக்கிற பொண்ணுன்னு நினைச்சேன். இதுதான் உங்க முதல் நாள், சரியா? நூலை வச்சே கண்டுபிடிச்சேன்!" என்றேன்.

"இது கடைசி நாளும்மா" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"கையில நடுக்கம் வருதோன்னு எனக்கே சந்தேகம் வந்துது. யாருகிட்டயும் சொல்லல. காலையில வேலைக்குப் போற வழியில ஒரு கிழிசலைத் தச்சுப் பாப்பேன். ஓடுற பஸ்ஸுல தையல் ஒழுங்கா விழுந்தா, ஆபரேஷன் மேஜை மேல கண்டிப்பா விழும். அன்னிக்குக் கத்தியை எடுப்பேன். விழலன்னா, கூட இருக்கிற டாக்டர்கிட்ட விட்டுடுவேன். இவருதான் யாரையும் அந்தப் பக்கம் விடாம பாத்துக்கிட்டாரு." விசில் தரையைப் பார்த்தார். "முதல்ல ஆஸ்பத்திரி நூல். அது வெளுக்காது, அழுக்கும் ஒட்டாது. அப்புறம் அந்த மெல்லிசு நூலு கையில நிக்கல, வழுக்குச்சு. வீட்ல போர்வை தைக்கிற தடி நூலை எடுத்துட்டு வந்தேன். இந்தக் கிழிசலைத் தொட்ட அன்னிக்கு ஒரு முடிச்சும் விழல. அதோட கத்தியைக் கீழ வச்சிட்டேன். இப்ப மருந்து மட்டும் சொல்றேன்."

எனக்குப் பகீர் என்றது. நூல் தெரியும், நூல் தெரியும் என்று துள்ளினேனே! ஒரு மனுஷியின் கை மெல்ல மெல்ல விட்டுப்போனதை வரிசை மாற்றி மாட்டி, அதற்குப் பெயரும் வைத்து, ஊரைக் கூட்டிக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

"மன்னிச்சிடுங்க டாக்டர். இப்பவே கழட்டிடறேன். இல்ல, வரிசையை மாத்திடறேன். இன்னிக்கே." ஏணியை இழுக்கப் போனேன்.

"இரும்மா" என்றார். இடப்பக்கக் கதவோரம் போய் நின்றார். அங்கிருந்து மறுபடி நடந்தார், ஒற்றை நூலிலிருந்து கோணலுக்கு, கோணலிலிருந்து சீருக்கு, ஒவ்வொன்றிலும் நின்று நின்று. கடைசித் தையலுக்கு வந்ததும் கையை வெளியே எடுத்து அதைத் தொட்டார். கை நன்றாகவே நடுங்கியது.

"இப்படியே இருக்கட்டும்" என்றார். "இந்தப் பக்கத்துலேர்ந்து வந்தா எனக்குச் சரியாகிட்டே வருது."

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர்தான் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

அவர்கள் போனதும் நூலகரைத் தேடிப்போய், வலப்பக்கக் கதவைப் பூட்டச் சொன்னேன்.

"அந்தக் கதவு பஸ்ஸுல வர்றவங்களுக்கு வசதியாச்சேம்மா. எதுக்குப் பூட்டணும்?"

"காத்து வருது. படம் ஆடுது."

"காத்தா? ஒரு துளி காத்து இல்லியே."

"பூட்டுங்கன்னா பூட்டுங்களேன்! கட்டடத்தைச் சுத்திட்டு வந்தா யாரும் தேஞ்சு போயிட மாட்டாங்க" என்றேன். என் குரலைக் கேட்டு அண்ணி ஓடிவந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அவளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள்.