எட்டு கிலோ

பையை இரண்டு கைகளாலும் தூக்கிக் காதோரம் வைத்து ஒரு குலுக்குக் குலுக்கினார் அவள் கணவர். உள்ளே ஏதோ லேசாக உருண்டது. அவர் முகம் சுருங்கிவிட்டது. கண்ணாடிச் சாமான் செய்யும் கம்பெனியில் இருபத்தாறு வருடமாக பேக்கிங் பிரிவுக்கு மேற்பார்வையாளர். குலுக்கினால் சத்தம் வருகிற பெட்டியை அவர் வாசல் தாண்ட விட்டதில்லை. தான் கட்டி அனுப்பிய ஒரு டம்ளர்கூட உடைந்து திரும்பி வந்ததில்லை என்பது அவருக்குக் கல்யாணம் ஆனதைவிடப் பெரிய பெருமை. பையைக் கட்டிலில் கவிழ்த்து, மத்தியானமெல்லாம் அவள் பார்த்துப் பார்த்து அடுக்கியதை மொத்தமாக வெளியே கொட்டினார்.

அவள், தன்னைவிட வயதில் சின்னவளான ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறாள். அந்த டாக்டரும் அங்கே வேலை செய்கிற இரண்டு பெண்களும் நாளைக் காலை மூன்று நாள் மலையேற்றத்துக்குக் கிளம்புகிறார்கள். நாலாவது ஆள் இவள். கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் அவர் பக்கத்தில் இல்லாமல் இவள் ஒரு ராத்திரி எங்கேயும் தங்கியதில்லை. பித்தப்பை ஆபரேஷனுக்கு இவள் படுத்திருந்தபோதுகூட ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துக் கிடந்தார் மனுஷன். இவள் கஷ்டமே அதுதான். குடிக்கிறார், அடிக்கிறார் என்றால் அழுதுகொண்டே போய்ச் சொல்ல நாலு பேர் இருப்பார்கள். விழுந்து விழுந்து கவனிக்கிறார் என்று யாரிடம் போய்ப் புகார் சொல்வது? மலைக்குப் போகட்டுமா என்று கேட்டபோதும் தாராளமாகப் போய்ட்டு வா என்றுதான் சொன்னார். அன்றிலிருந்து இவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவ்வளவு சந்தோஷப்படுகிறோமே என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

டாக்டர் அனுப்பிய பட்டியலை அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். பை எட்டு கிலோவைத் தாண்டக் கூடாது, அவரவர் பையை அவரவர்தான் சுமக்க வேண்டும். பருத்தித் துணி வேண்டாம், நனைந்தால் லேசில் காயாது. மாற்றுச் சட்டை இரண்டு, ஸ்வெட்டர் ஒன்று, மழைக்கோட்டு ஒன்று. ஷூ ஒரு சைஸ் பெரிதாக இருக்கட்டும், இறக்கத்தில் கால்விரல் முன்னால் போய் இடிக்கும். எல்லாவற்றையும் அடுக்கிய பிறகும் பையில் மேலே ஒரு ஜாண் இடம் மிச்சம் இருந்தது. அந்தக் காலி இடத்துக்குள் கையை விட்டுப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

அந்த இடத்தைத்தான் அவர் இப்போது அடைத்துக்கொண்டிருந்தார். இன்னொரு ஸ்வெட்டர், ஒரு போர்வை, மாத்திரை டப்பாவுக்குள் பஞ்சு. வெந்நீர் ஃபிளாஸ்க்கை இரண்டு துண்டில் சுற்றி நட்டநடுவில் இறக்கினார்.

"அந்த இடம் காலியாவே இருக்கட்டுங்க."

"காலியா இருந்தா ஆடும். ஆடினா உடையும்."

"உடையறதுக்கு உள்ள என்னங்க இருக்கு?"

"ஃபிளாஸ்க் இருக்குல்ல" என்றார், அரை நிமிஷத்துக்கு முன் அதை வைத்தவரே.

அடுத்து ஷூ. கட்டைவிரலால் முனையை அமுக்கிப் பார்த்தார். ஒரு விரல் இடம் இருந்தது. கடைக்காரன் இவள் தலையில் கட்டிவிட்டான் என்று தானே தீர்ப்பும் சொல்லி, பழைய பேப்பரைக் கசக்கி இரண்டு முனையிலும் திணித்தார். வேண்டுமென்றே அப்படி வாங்கினேன் என்று அவள் வாயெடுப்பதற்குள், கீழே உட்கார்ந்து அவள் காலைத் தன் தொடைமேல் வைத்து மாட்டி, நாடாவை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். குனிந்த தலையில் முடி கொட்டிப்போன இடம் தெரிந்தது. அவளுக்குப் பாசமும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. இரண்டையும் விழுங்கிக்கொண்டாள்.

எடை மெஷினில் பை பதினாலு கிலோ காட்டியது. அதை அவள் முதுகில் ஏற்றி, இடுப்பு வாரையும் நெஞ்சு வாரையும் அவரே பூட்டினார். கூடத்தில் நாலு எட்டு வைப்பதற்குள் அவளுக்கு முழங்கால் மடங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு, என்னால் முடியாது என்றாள். இப்போதாவது போர்வையை எடுப்பார் என்று நினைத்தாள்.

அவர் பையின் அடியில் கையைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"இவ்ளோதானே? நான் வந்து தூக்கிட்டாப் போச்சு."

உடனே டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். லீவு நிறையக் கிடக்கிறது, பின்னாலேயே தள்ளி நடந்து வருவேன், உங்கள் பேச்சில் தலையிட மாட்டேன் என்று வரிசையாகச் சொன்னார். வேனில் இடம் இருக்கிறது, அக்காவிடம் கொடுங்கள் என்றார் டாக்டர். அவள் இரண்டு கைகளாலும் தோள்வாரைப் பிடித்துக்கொண்டிருந்ததால், அவரே போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"அக்கா, சார் வர்றதுல உங்களுக்குச் சம்மதமா?"

"ம்."

"ம்னா என்னக்கா? வரட்டுமா, வேண்டாமா? நீங்க சொல்லுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்."

ஒரு வார்த்தை போதும். மூன்று நாளும் திரும்பக் கிடைத்துவிடும். எதிரே அவர் சிரித்தபடி, தன் பழைய பையைத் தேடிப் பரண்மேல் கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தார். அவள் மூச்சை இழுத்தாள். நெஞ்சு வார் பாதியிலேயே தடுத்தது.

"டாக்டர்..." என்றாள். அது அவளுக்கே கேட்கவில்லை.

குரல் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அவர் போனை இன்னும் கொஞ்சம் அவள் வாய்க்கு அருகே கொண்டுவந்தார்.