கோட்டை அடுக்களையின் இரட்டைத் தொட்டி

கட்டும் குழாய் ஒழுகினால் முதுகில் அடி விழும் என்பது கொத்தன் முனியனுக்குத் தெரியும். ஆனால் அவன் பயந்தது அடிக்கு இல்லை. அடுத்த வாரம் கடல் தாண்டிப் பத்தாவியாவுக்குக் கப்பல் கிளம்புகிறது. அடிமைகளில் யார் யாரை அதில் ஏற்றுவது என்று ஒல்லாந்தர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. அவன் தங்கை ராஜாத்தி அந்த ஒல்லாந்தர் கோட்டையில்தான் அடிமையாக இருந்தாள்.

பஞ்சத்தில் ஊரே காய்ந்தபோது, அவர்களைப் பெற்ற நைனா அவளை ஒரு மூட்டை நெல்லுக்கு அங்கே விற்றுவிட்டார். அந்த நெல் தீர்வதற்குள் அவரும் செத்துப்போனார். அடுக்களையில் கழுவ வேறு ஆட்கள் இருந்தார்கள். அழுக்குத் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து மதிலுக்கு வெளியே கொட்டுவது ராஜாத்தியின் வேலை. துரைசானி மனம் குளிரும்படி தொட்டி கட்டிக்கொடுத்தால் தங்கையைக் கப்பல் ஏற்றமாட்டார்கள் என்று துபாஷி ஆதிநாராயணன் சொல்லியிருந்தார். துபாஷிகள் இரண்டு பாஷையிலும் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். முனியன் நம்பினான், வேறு என்ன செய்வான்?

அருகருகே இரண்டு கல் தொட்டி. ஒன்றில் மீன் அலச, மற்றதில் பாத்திரம் கழுவ. இரண்டின் அடியிலிருந்தும் இறங்கும் மண்குழாய்கள் சுவருக்குள் ஒன்றாகச் சேர்ந்து, கை நுழையும் அகலக் குழாயாக மதிலைத் தாண்டி ஏரியில் விழவேண்டும். கிளிஞ்சல் சுண்ணாம்பில் வெல்லப்பாகு சேர்த்து இணைப்புகளைப் பூசினான். தண்ணீர் ஓட வாட்டம் போதுமா? மீன் கழுவிய தண்ணீர் பாத்திரத் தொட்டியில் ஏறிவிட்டால்? காய்ந்த பூச்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

துரைசானி வந்து நின்றாள். ராஜாத்தி இரண்டு தொட்டியையும் நிரப்பி அடைப்புக் கட்டைகளைப் பிடுங்கினாள். தண்ணீர் மடமடவென்று இறங்கியது. ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. முனியனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. துரைசானி சிரித்தபடி ஏதோ சொன்னாள்.

"அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம்டா," என்றார் துபாஷி. "இனிமே தண்ணி தூக்கிக் கொட்ட ஆளே வேணாம், ராஜாத்தியக் கப்பல்ல ஏத்திடலாம்னு சொல்றாங்க."

பாவி, தன் கையாலேயே தங்கையின் வேலையைப் பிடுங்கிவிட்டானே! ராஜாத்தி அவனைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"சாமி, மதிலாண்ட ஒரு வேல பாக்கி கீது," என்று சொல்லிவிட்டு முனியன் வெளியே ஓடினான். ஏரிச் சேற்றை இரண்டு கையாலும் வாரிக் குழாயின் வாய்க்குள் திணித்தான். கையை அலம்பிக்கொண்டு திரும்பி வந்து, "இன்னொரு வாட்டி ஊத்திப் பாக்கச் சொல்லுங்க," என்றான்.

ஊற்றினார்கள். மீன் தொட்டித் தண்ணீர் செதிலோடு பாத்திரத் தொட்டியில் பொங்கியது. துரைசானி மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினாள்.

"இன்னாடா இது?" என்றார் துபாஷி.

"கடலோட சேந்து ஏரித் தண்ணி ஏறி எறங்கறப்ப சேறு உள்ள பூந்துக்கும் சாமி. தெனமும் எடுக்கணும். கோல் வுட்டா கொழா ஒடஞ்சிடும். கைய வுட்டுத் தடவித்தான் எடுக்கணும்."

"அத யாரு எடுப்பா?"

"நானு," என்றாள் ராஜாத்தி. "சின்னதுலேர்ந்து சேத்துல எறா தடவுன கைதான்."

துரைசானி மதிலுக்கு வெளியே வந்து பார்த்தாள். ராஜாத்தி கரையில் குப்புறப் படுத்துத் தோள்வரை கையை விட்டாள். சேறு அப்போதுதான் அள்ளி வைத்தது என்று விரல் பட்டதுமே அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சேற்றைச் சிறிது சிறிதாக, கஷ்டப்பட்டு எடுப்பவளைப் போல எடுத்து வெளியே போட்டாள். தண்ணீர் கொட்டியது. துரைசானி வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள், பிறகு சரியென்று தலையாட்டினாள்.

கப்பல் போயிற்று. ராஜாத்தி அதில் இல்லை. ஆனால் முனியன் கட்டிய குழாய் நல்ல குழாய், அதுவாக ஒருநாளும் அடைத்துக்கொள்ளாது. தினமும் கோட்டை கண் விழிக்கும் முன்பு, யாராவது பார்க்கிறார்களா என்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, ராஜாத்தியே அதில் சேற்றை அடைத்துவிட்டு வந்தாள்.