ஹமூதின் உதிரிப் படி

ஏமனின் ஸனா நகரத்துத் திராட்சைக் கடைத்தெருவில் ஹமூதிடம் இருப்பது ஒரே மரப்படி. அளக்கும் விதம்தான் இரண்டு. தோட்டக்காரர்களிடம் வாங்கும்போது படியைக் குலுக்குவான், தட்டுவான், முஷ்டியால் அமுக்குவான்; ஒரு படிக்குள் இரண்டு கிலோ உலர்திராட்சை இறங்கிவிடும். விற்பதெல்லாம் தராசில். பக்கத்துக் கடையில் வாதுமை விற்கும் நான் இந்தக் கூத்தைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவன்.

அதிகம் ஏமாந்தவள் ஹூரிய்யா. புருஷன் போனபின் தனியாகத் தோட்டத்தைக் காப்பவள். கிணற்று மோட்டார் எரிந்துவிட்டது. இந்த விளைச்சலை விற்றுப் புதிது வாங்காவிட்டால் கொடியெல்லாம் காய்ந்துபோகும். காய்ந்த தோட்டத்தை அடிமாட்டு விலைக்கு வாங்க ஹமூது நாக்கைத் தொங்கப்போட்டுக் காத்திருந்தான்.

நோன்பு முடியும் சமயம். தலைக்கு ஒரு படி உலர்திராட்சை ஏழைகளுக்குப் பித்ரா தர்மமாகக் கொடுக்க வேண்டும். இப்போது யார் வீட்டில் படி இருக்கிறது? படிக்கு எத்தனை கிலோ என்று எடையாகச் சொல்லிவிடலாம் என்று இமாம் ஹமூதைக் கூப்பிட்டார். பாலுக்குப் பூனை காவல்.

பள்ளிவாசலில் எல்லார் முன்னாலும் ஹமூது அளந்தான். காற்றடைத்த பெரிய பழமாகப் பொறுக்கி, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல் படியில் போட்டான். தராசு ஒன்றேகால் கிலோ காட்டியது.

"ஒரு படிக்கு இவ்வளவுதானா?" என்றார் இமாம்.

"அளவுன்னா அளவுதான் இமாமே. அமுக்கினா அது படியே இல்ல, பாவம்."

இமாம் நல்ல மனிதர். தராசைப் பார்த்தார், கையைப் பார்க்கவில்லை. அப்படியே அறிவித்தார். ஹமூது ஒன்றேகால் கிலோப் பொட்டலம் கட்டி, ஒரு படி விலைக்குத் தெருவுக்கே விற்றான்.

மறுநாள் ஹூரிய்யா இருநூறு கிலோ பழத்தோடு வந்து இறங்கினாள். படிக்கு இவ்வளவு என்று விலை முன்பே பேசியிருந்தது. பொட்டலம் வாங்க வந்த கூட்டத்தில் இமாமும் நின்றார். ஹமூது சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு படியை எடுத்தான்.

"படி எதுக்கு ஹாஜியாரே?" என்றாள் ஹூரிய்யா. "தராசுல வைங்க. படிக்கு ஒன்னேகால் கிலோன்னு பள்ளிவாசல்ல நீங்கதான சொன்னீங்க."

"அது பித்ராம்மா. இது வியாபாரம்."

"அப்ப ஏழைக்கு ஒரு படி, உங்களுக்கு ஒரு படியா?"

இமாம் தன் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். "சொல்லுங்க ஹமூது, எது படி? அமுக்கினதுதான்னா, வாங்கின எல்லாருக்கும் பொட்டலத்துக்கு முக்கால் கிலோ சேர்த்துப் போடுங்க."

ஹமூதின் உதடு கணக்குப் போட்டது. விற்றது தெரு முழுக்க அல்லவா? "தராசுலயே வைங்க" என்றான். போன வருஷம்வரை நூறு படியாகப் போன பழம் நூற்றறுபது படியாகப் போயிற்று. எனக்குச் சர்க்கரை தின்ற மாதிரி இருந்தது, மறைப்பானேன்.

பணத்தை நீட்டும்போதும் அவன் வாய் சும்மா இருக்கவில்லை. "மோட்டார் வாங்க ஒரு விதவைக்குக் குடுத்த தர்மம்னு வச்சுக்கறேன்."

ஹூரிய்யா பணத்தை முக்காட்டு நுனியில் முடிந்துகொண்டாள். "நீங்க தர்மம் அளக்குற லட்சணத்தத் தெருவே பாத்துச்சு ஹாஜியாரே. இது என் பழத்தோட விலை."