தலைவரின் மூச்சுக் குழல்

பேதுருவுக்கு மூச்சுக் குறைந்ததே தவிர பதவி குறையவில்லை. துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு மூத்தோர் சங்கத்துக்கு நிரந்தரத் தலைவர். நுரையீரல் தழும்பேறி அவர் வெளியே போக முடியாமலானதும், சங்கம் தன் கூட்டங்களை அவருடைய முன்னறைக்கே கொண்டுவந்தது. மனைவி யோசெப்பின் தேநீர் ஊற்றினாள்.

ஜனவரியில் மகள் சாமினிக்குக் கல்யாணம். அவளைக் கைபிடித்துக் கோயில் பீடம்வரை நடத்திப் போகவேண்டும் என்பதே பேதுருவின் ஒரே ஆசை. ஆஸ்பத்திரியில் மூச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒரு பிளாஸ்டிக் குழல் தந்தாள். உள்ளே ஸ்பிரிங். அதை எதிர்த்து மூச்சை உள்ளே இழுக்கவேண்டும். பழுதான நுரையீரல் திரும்பாது. இழுக்கிற தசை உரமேறும்.

"உங்கட வாய் மட்டும்தான் இதில படவேணும், அங்கிள்."

உரமேறத்தான் செய்தது. முதலில் வாசல்வரை நடந்தார். பிறகு சந்திவரை.

இந்த வளர்ச்சியைத் தலைவர் கமிட்டிக்கு முறைப்படி அறிவித்தார். செயலாளர் கிளைவ் குழலை வாங்கி ஊதினார்.

"ஊதுறேல்ல, இழுக்கிறது," என்றாள் யோசெப்பின். "அதோட, அது அவருக்கு மட்டும்."

"கமிட்டிக்குள்ள என்ன மிஸிஸ், அவருக்கு இவருக்கு எண்டு?"

பேதுரு மனைவியை ஒரு பார்வை பார்த்தார். வீட்டுக்கு வந்தவர்களுக்கு இல்லை என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. குழல் பொருளாளரிடம் போய், உபதலைவரிடம் போய், மறுபடி கிளைவிடம் வந்தது. அவர் இழுத்தார், இருமினார்.

"சும்மா தடிமன், சளிதான். சுருட்டு இழுக்கிற எனக்கே ஏலாது, தலைவர் இழுக்கிறார் பாருங்கோ."

கைதட்டினார்கள். தலைவர் குழலை இடுப்புச் சாரத்தில் துடைத்து, எப்படி என்று செய்து காட்டினார். நன்றாக ஆழமாக.

நத்தார்ப் பண்டிகைக்கு முன்பே அவருக்குக் காய்ச்சல் வந்தது. கல்யாணத்தன்று பேதுரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒட்சிசன் முகமூடியோடு கிடந்தார். திகதியை மாற்ற அவர் விடவில்லை.

கோயில் வாசலில் கிளைவ் கோட் சூட்டில் நின்றார்.

"சங்கத்தின்ர சார்பில நான் கூட்டிக்கொண்டு போறன், மகள். தலைவருக்கு நாங்கள் செய்யிற மரியாதை."

"வேண்டாம் அங்கிள்," என்றாள் சாமினி.

தனியாக நடந்தாள். பாதி வழியில் நின்றாள். கல்யாணக் கவுண் எதிலோ மாட்டிக்கொண்டது என்று சனம் எட்டிப் பார்த்தது. யோசெப்பின் பார்க்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள். அவ்வளவு தூரம் நடந்தால் பேதுருவுக்கு மூச்சு இளைக்கும். சாமினி, பக்கத்தில் ஒருவர் மூச்சு வாங்கி முடிக்கும்வரை காத்திருப்பவள்போல் நின்றாள். பிறகு மிக மெதுவாக, மிச்சத் தூரத்தை நடந்தாள்.