டாக்டர் மன்சூரின் போன்

மூன்றாவது முறை தண்ணீர் ஊற்றும்போது போன் அடித்தது.

பின்வாசலில் நாலு பக்கமும் பாத்திக் துணி கட்டி மறைத்த இடத்தில் அபாவை, ஸாக்கியின் தகப்பனாரைக் கிடத்தியிருந்தார்கள். பள்ளிவாசல் மோதினார் தலையைத் தாங்கியிருந்தார். ஸாக்கி அபாவின் வலது கையைப் பிடித்துக்கொண்டு, விரல் விரலாகக் கற்பூரத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து அவன் சட்டைப் பையிலிருந்த அபாவின் போனிலிருந்து பழைய காலத்து மணிச் சத்தம். தெருமுனை காப்பிக் கடை வரைக்கும் கேட்கும் சத்தம் அது. மோதினாருக்கே ஒரு கணம் கை நின்றுவிட்டது.

"அந்தச் சனியனை அணைச்சுத் தொலைடா" என்றார் பாக் சு, அபாவின் தம்பி. "மய்யித்தைக் குளிப்பாட்டும்போதுகூடவா?"

ஸாக்கி அணைக்கவில்லை. கை ஈரமாக இருக்கிறது என்பது போலக் காட்டிக்கொண்டு நின்றான். அதுவாக அடித்து ஓய்ந்தது.

கோத்தா பாரு ஊரில் அபாவின், அதாவது நிக் மன்சூர் டாக்டரின் போனைத் திட்டாதவர்கள் குறைவு. ஒரு ரமலானில் தொழுகை நடுவே அது அடித்து, இமாம் அடுத்த வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் முழுவதையும் கைபேசிகளுக்கே ஒதுக்கினார். டாக்டர் மறுப்பேதும் சொல்லவில்லை. அன்றிலிருந்து கடைசி வரிசையில், கதவோரமாக, செருப்புக்குப் பக்கத்தில் நின்று தொழுதார். போனை மட்டும் அணைக்கவில்லை. மகள் சுரயாவின் நிக்காஹ் நடக்கும்போதும் அடித்தது. மாப்பிள்ளை ஹிஷாம் ஒப்புக்கொண்ட வார்த்தை யாருக்கும் கேட்காமல், திரும்பச் சொல்ல வைத்தார்கள். ரெண்டு தடவை கட்டின மாப்பிள்ளை என்று ஹிஷாமை இன்றைக்கும் கிண்டல் செய்வார்கள்.

மற்றபடி அவரைப் போல வீட்டு மனுஷரைப் பார்க்க முடியாது. ஊரில் பாதிப் பேர் வயிற்றைத் திறந்து மூடியவர், வெள்ளிக்கிழமைக் காலையில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சமையலறையில் வெங்காயம் அரிவார். அறுவை சிகிச்சை நூலால் பட்டத்துக் காகிதம் தைப்பார். புறாக்களின் நகம் வெட்டுவதற்கென்றே ஆஸ்பத்திரிக் கத்தரிக்கோல் ஒன்று வைத்திருந்தார். பின்புறத்தில் ஏழு கம்பம், ஏழு கூண்டு, ஏழு மெர்போக் புறா. காலை ஏழு மணிக்குக் கூண்டுகளைக் கயிறு இழுத்து ஏற்றிவிட்டு, கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து அவை பாடுவதைக் கேட்பார். மடியில் போன் இருக்கும். ஊரெல்லாம் புறாப் பாட்டுப் போட்டிக்குக் கூப்பிட்டும் அவர் மட்டும் போட்டிக்குப் போனதில்லை. இருபத்திரண்டு வருஷமாகப் போனதில்லை.

ஏன் என்று வெளியில் யாருக்கும் தெரியாது. ஸாக்கியின் அம்மா, மாவுக்குத் தெரியும். அதாவது, தெரியும் என்று மா நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நேற்று மாலை அஸர் தொழுகை முடிந்த நேரம் அபா ஸாக்கியைக் கட்டில் பக்கம் கூப்பிட்டார். மா கால் பிடித்துக்கொண்டிருந்தார். ஈரலில் ஆரம்பித்த நோய் அதற்குள் பேச்சையும் பாதி தின்றுவிட்டிருந்தது.

"யஹ்யாகிட்ட நான் சொல்லவேயில்ல" என்றார். "ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சொல்லணும்னு நினைப்பேன். மீனைக் குடுத்துட்டுப் போயிடுவான். நீ சொல்லு. மண்ணுக்குள்ள வைக்கிறதுக்கு முன்னாடி சொல்லிடு. நான்தான் அணைச்சேன்னு சொல்லு."

"அபா..."

"நான்தான் அணைச்சேன்" என்றார் அபா மறுபடி. ஸாக்கியின் முகத்தை நேராகப் பார்த்துத்தான் சொன்னார். அதுதான் அவர் அவனிடம் பேசிய கடைசிப் பேச்சு. விடியற்காலை சுபுஹு பாங்குக்குச் சற்று முன்னால் போய்விட்டார்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், அன்றைக்கு ஸாக்கிக்குப் பன்னிரண்டு வயது. தும்பாட் மைதானத்தில் மெர்போக் போட்டி. அந்த வாரக் கடைசிக்கு ஆஸ்பத்திரிக்கு ஒரே சர்ஜன் அபாதான். இடுப்பிலிருந்த பேஜரைக் கழற்றி மகன் கையில் கொடுத்து, அடித்தால் ஓடி வா என்று சொல்லிவிட்டுக் கம்பத்தடிக்குப் போனார். முதல் சுற்றிலேயே அது ஒருமுறை கத்தியது. ஆஸ்பத்திரியிலிருந்து ஏதோ சின்ன விஷயம்; அபா கடைத் தொலைபேசியில் பேசிவிட்டு வந்தார். அதற்குள் சுற்றி நின்றவர்கள் ஸாக்கியைத் திட்டித் தீர்த்துவிட்டார்கள். பறவை பயந்து வாயை மூடிக்கொண்டதாம். ஒரு தாத்தா காதைத் திருகினார். அடுத்த சுற்றில் அபாவின் புறா ஸ்ரீ தும்பாட் நன்றாகப் பாட ஆரம்பித்திருந்தது. ஸாக்கி பேஜரின் பக்கவாட்டுப் பொத்தானைக் கட்டை விரலால் தள்ளினான். அவ்வளவுதான்.

மீன் மார்க்கெட் யஹ்யாவின் மகள் ரொஸ்னாவுக்கு எட்டு வயது. அதே நேரம் அவளுக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. ஆஸ்பத்திரி ஆள் மைதானத்துக்கே தேடி வந்து, அபா போய்ச் சேர்ந்தபோது ரெண்டு மணி நேரம் தாண்டியிருந்தது. மூன்றாம் நாள் பிள்ளை போய்விட்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் பறக்கும் காரில் அபா பேஜரை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் போட்டுப் பார்த்தார். பிறகு கண்ணாடி வழியாகப் பின் சீட்டைப் பார்த்துச் சொன்னார்: "நான்தான் அணைச்சேன். ஞாபகம் வச்சுக்கோ." ஸாக்கிக்கு அன்றைக்கு அது புரியவில்லை. புரிந்த பிறகு சொல்ல வாய் வரவில்லை. மேலதிகாரியிடமும் மாவிடமும் அபா அதையேதான் சொன்னார். யஹ்யாவிடம் மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. என் பிள்ளைக்காக மூணு நாள் தூங்காமல் நின்ற மனுஷன் என்று அவர் வாரம் தவறாமல் வெள்ளிக்கிழமை மீன் கொண்டுவர ஆரம்பித்தார். அபா அதை முள் மிச்சம் வைக்காமல் தின்பார். ஸாக்கி இன்றுவரை தொட்டதில்லை. அவனுக்கு மீன் ஒத்துக்கொள்ளாது என்றே மாமியார் வீடு வரை பேர்.

குளிப்பாட்டி முடித்து, கஃபன் துணியில் சுற்றி, கூடத்தில் கிடத்தினார்கள். பெண்கள் யாசீன் ஓத உட்கார்ந்தார்கள். "வெள்ளிக்கிழமை மவுத்து, குடுத்து வச்சவரு" என்று வருகிறவர்கள் எல்லாரும் சொன்னார்கள். ஸாக்கி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜும்ஆ முடிந்தவுடன் ஜனாஸாத் தொழுகை. அப்புறம் அடக்கம். மணி பத்து.

சமையலறை வாசலில் மா அவன் கையைப் பிடித்தார். அழுது அழுது குரல் போயிருந்தது.

"சொல்லாதே."

"அபா சொல்லச் சொன்னாரே மா. நீங்களும் கேட்டீங்கல்ல."

"நோவுல சொன்னது. அந்த மனுஷன் இருபத்திரெண்டு வருஷமா உங்க அபாவைத் தலைமேல தூக்கி வச்சிருக்காரு. இன்னைக்குப் போய் அதை உடைக்கணுமா? பள்ளிவாசல்ல பொதுவா மன்னிப்புக் கேப்பியே, அவரும் அங்கதானே இருப்பாரு. எல்லாரோடயும் சேர்ந்து பொறுத்துக்கிட்டேன்னு சொல்லிடுவாரு. அது போதும்."

"எதைப் பொறுத்துக்கிறோம்னு தெரியாம சொன்னா அது எப்படி மா செல்லும்?"

"அதெல்லாம் அல்லா பார்த்துப்பான்."

மா சொல்வது நியாயமாகத்தான் பட்டது. சொல்லாமல் விட்டால் எல்லாருக்கும் நல்லது. அப்படி நல்லது நல்லது என்றுதான் அவனும் இருபத்திரண்டு வருஷத்தை ஓட்டியிருந்தான். ஆனால் இன்றைக்கு அபா தன் பேரில் இல்லாத ஒரு குற்றத்தைச் சுமந்துகொண்டு மண்ணுக்குள் போகப் போகிறார். அடப்பாவி மகனே, அதைக்கூடவா இறக்கி வைக்க மாட்டாய் என்று அவனையே அவன் கேட்டுக்கொண்டான்.

தங்கை சுரயா உள்ளேயிருந்து வந்தாள். "அபே, பொக் யா வந்திருக்காரு. பின்னாடி கூண்டுகிட்ட உக்காந்திருக்காரு. உள்ள வரமாட்டேங்கிறாரு."

அபே என்றால் அண்ணன்; பொக் யா என்றால் யஹ்யாதான். வயதில் பெரியவர்களை ஊரில் பொக் போட்டுத்தான் கூப்பிடுவார்கள்.

ஏழு கூண்டும் இன்றைக்குத் தரையிலேயே இருந்தன. ஏற்றிவிட ஆள் இல்லாமல் புறாக்கள் சத்தமில்லாமல் கிடந்தன. பொக் யா அபாவின் நாற்காலியில் உட்காராமல் பக்கத்தில் குந்தியிருந்தார். தாளில் சுற்றிய பொட்டலம் முழங்காலில் இருந்தது.

"கானாங்கெளுத்தி" என்றார், அவனைப் பார்த்ததும். "விடியக்காலையிலேயே நல்லதா பார்த்து எடுத்து வச்சுட்டேன். அப்புறம்தான் சேதி வந்துச்சு. செத்த வீட்டுக்கு மீனைத் தூக்கிட்டுப் போறதான்னு பொஞ்சாதி கேக்குறா. வெள்ளிக்கிழமையாச்சே, நான் என்ன செய்யட்டும்?"

ஸாக்கி அவர் எதிரே குந்தினான். தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்கலாம் என்று தோன்றியது.

"பொக் யா, ஒண்ணு சொல்லணும். ரொஸ்னா விஷயம்."

அந்தப் பேரை அந்த வீட்டில் யாரும் சொல்லி அவர் கேட்டதில்லை. பொட்டலத்தைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின.

"அன்னைக்கு அபா லேட்டா வந்தது வேற கேஸ்னால இல்ல. தும்பாட்ல புறாப் போட்டியில இருந்தாரு. பேஜர் அணைஞ்சு கிடந்துச்சு. தான்தான் அணைச்சதா உங்ககிட்ட சொல்லச் சொல்லிட்டுப் போயிருக்காரு." ஸாக்கி கூண்டுகளைப் பார்த்தான். "ஆனா அவர் அணைக்கல. என் கையில குடுத்திருந்தாரு. நான்தான் அணைச்சேன். சத்தம் போட்டா திட்டுறாங்கன்னு அணைச்சேன். அவருக்குத் தெரியும். கடைசி வரைக்கும் என்னைக் காட்டிக் குடுக்கல."

கூடத்திலிருந்து யாசீன் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு புறா தானியத் தட்டைக் கொத்தியது.

"எவ்ளோ நேரம்?" என்றார் பொக் யா கடைசியில்.

"ரெண்டு மணி நேரம்."

"எந்தப் புறா?"

"ஸ்ரீ தும்பாட்னு ஒண்ணு. இப்ப இல்ல. செத்துப்போச்சு."

"ஜெயிச்சுதா?"

"ரெண்டாவது இடம்."

பொக் யா தலையை ஆட்டினார். விலை கேட்டவன் ஆட்டுவது போல மெதுவாக ஆட்டினார். பிறகு எழுந்தார். மீன் பொட்டலத்தைக் கீழே வைக்கவில்லை. எடுத்துக்கொண்டே வேலிப் பக்கமாக நடந்து போனார். மோட்டார் சைக்கிள் ரெண்டு உதையில் கிளம்பாமல் மூன்றாவதில் கிளம்பும் சத்தம் கேட்டது.

மா சமையலறை ஜன்னலில் நின்றுகொண்டிருந்தார். "மீன் எங்க?" என்று கேட்டார். ஸாக்கி வேலிப் பக்கம் கை காட்டியதும் முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

பள்ளிவாசல் நிரம்பி வழிந்தது. ஜும்ஆ முடிந்து ஜனாஸாவை முன்னால் வைத்தார்கள். தொழுதார்கள். இமாம் ஸாக்கியைப் பார்த்துக் கை காட்டினார். அவன் திரும்பி நின்றான். முதல் வரிசை, இரண்டாவது, தூணோரம், கடைசியில் கதவோரம், அபா நிற்கும் இடம். எங்கும் பொக் யா இல்லை.

"எங்க அபா யாருக்காவது ஏதாவது தப்பு செஞ்சிருந்தா" என்று ஆரம்பித்தவன், நிறுத்தினான். "அவரால, எங்க குடும்பத்தால, யாருக்காவது தப்பு நடந்திருந்தா, பொறுத்துக்குங்க."

"பொறுத்துக்கிட்டோம்" என்றது பள்ளிவாசல். ஐநூறு குரல் இருக்கும். எல்லாம் அவனுக்கு வேண்டாத குரல்களாக இருந்தன.

கபரஸ்தானில் மதிய வெயில் மண்டையைப் பிளந்தது. குழிக்குள் நின்று மய்யித்தை வாங்க மூன்று பேர் வேண்டும். ஸாக்கி இறங்கினான். ஹிஷாம் இறங்கினான். பாக் சு விளிம்பில் உட்கார்ந்து காலை நீட்டிப் பார்த்தார், மூட்டு மடங்கவில்லை.

"யாராச்சும் ஒரு ஆள் எறங்குங்கப்பா" என்றார் இமாம்.

கூட்டம் விலகியது. பொக் யா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. விளிம்பில் கை ஊன்றி, அந்த வயதுக்கு லேசாகவே உள்ளே குதித்தார். மீன் வாடை அடித்தது. தலைப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

மூவரும் அபாவை வாங்கி இறக்கினார்கள். வலது பக்கமாகச் சாய்த்து, மேற்கே முகம் பார்க்க வைத்தார்கள். பொக் யா கஃபனின் தலைக்கட்டை அவிழ்த்தார். துணியை விலக்கி, கன்னம் மண்ணில் படும்படி மெதுவாகத் திருப்பினார். பிசைந்து வைத்திருந்த களிமண் உருண்டை ஒன்றை எடுத்துத் தலைக்குப் பின்னால் அணை கொடுத்தார். ஆடுகிறதா என்று உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தார். கையை உடனே எடுக்கவில்லை.

அந்த நேரம் போன் அடித்தது.

குழிக்குள் அது ரெண்டு பங்கு சத்தமாகக் கேட்டது. மேலே யாரோ "அஸ்தக்ஃபிருல்லா" என்றார்கள். "இன்னுமாடா அணைக்கல?" என்று பாக் சு பல்லைக் கடித்தார். இமாம் கண்ணை மூடிக்கொண்டார். ஸாக்கி பதறிப்போய்க் களிமண் கையைச் சட்டைப் பைக்குள் விட்டான். போனை வெளியே எடுத்தான். பக்கவாட்டுப் பொத்தானில் கட்டை விரல் போய் நின்றது.

"அணைக்காதே" என்றார் பொக் யா.

குனிந்த தலை நிமிராமல்தான் சொன்னார். போன் அடித்துக்கொண்டேயிருந்தது.

"எடுத்துப் பேசு. யாருக்கு என்னவோ."

ஸாக்கி போனைக் காதில் வைத்தான். மண் கன்னத்தில் ஈரமாக ஒட்டியது. ஏதோ ஒரு பெண்ணின் குரல், அவசரமாக, டாக்டர் இருக்காரா என்றது.

"சொல்லுங்க" என்றான்.

பொக் யா அடுத்த மண் உருண்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, அவன் பேசி முடிக்கட்டும் என்று நின்றார்.